செபமாலையம்மாளின் உயரம்

போடிமெட்டிலிருந்து பூப்பாறை வரைக்கும் ஏலத்தோட்டத்துப் பெண்கள் உடுத்துகிற நைட்டி அத்தனையும் அன்னமேரி தைத்தது. அத்தனையும் என்பது கொஞ்சம் அதிகம்தான். கடையில் தொங்குவதை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பாதியும் தாராளக் கணக்குத்தான். ஆனால் அவள் தைத்ததில் ஒன்றுகூட அளவு தப்பியதில்லை என்பதில் மட்டும் யாராவது குறை சொன்னால், கத்திரிக்கோலும் கையுமாக வாசலுக்கு வந்துவிடுவாள்.

தேவாரத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தபோது அவளோடு வந்தவை ஒரு தையல் மெஷினும் ஒரு இஞ்சு டேப்பும். கணவர் சூசையப்பன் ஜீப் ஓட்டினார். புது மருமகளை நம்பித் துணி கொடுக்க முதலில் யாரும் வரவில்லை. சூசையப்பனின் அக்கா செபமாலையம்மாள்தான் முதல் ஆளாக வந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று, "அளந்துக்கடி மேரி. இந்த ஒடம்புக்குத் தச்சுட்டேன்னா எந்த ஒடம்புக்கும் தச்சுருவ" என்றாள். தைத்து முடித்ததும் அதைப் போட்டுக்கொண்டு எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயம் லயமாக நடந்து காட்டினாள். அன்னமேரியின் தொழில் அன்றைக்கு நடக்கத் தொடங்கியது, நாத்தனாரின் கால்களில்.

அந்தக் கால்கள் சாதாரணக் கால்கள் அல்ல. செபமாலையம்மாள் உயரமானவள். மலையில் பனி இறங்கினால் முதலில் நனைவது அவள் தலை, அப்புறம்தான் மரங்கள் என்று சொல்வார்கள். தோட்டத்தில் அந்த உயரத்தால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஏலம் செடியின் காலடியில் காய்ப்பது. குட்டையானவள் குனிந்து எடுப்பதை அவள் இரண்டாக மடிந்து எடுக்க வேண்டும். மேலே நிழல்மரம், கீழே நிழல், உடம்பில் ஸ்வெட்டர், தலையில் துண்டு. சித்திரை வெயிலும் அவள் தோல்வரை வந்து சேர்ந்தது கிடையாது. குடிப்பது பால் விடாத கட்டன் சாயா.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த உயரத்துக்கு மரியாதை உண்டு. எஸ்டேட் கோயிலில் மாதா சுரூபம் சுவரில் உயரத்தில் உள்ள ஒரு மாடத்தில் இருக்கிறது. மாதா திருநாளன்று முதல் மாலையைப் போடுகிறவள் தரையில் நின்றே போட வேண்டும். முக்காலி, பலகை எதுவும் ஆகாது. ஏறி நின்றால் மாதாவுக்குச் சரிசமமாக நின்றதாகிவிடும் என்பது அந்தக் கோயில் வழக்கம். செபமாலையம்மாள் கல்யாணமாகாத காலத்திலிருந்து அந்த மாலை அவளுடையது. கையைத் தூக்கினால் கிரீடத்துக்கு மேலே போகும். மாலை விழும் அழகைப் பார்க்கவே போடியிலிருந்து சனம் வரும். சனம் என்றால் ஒரு ஜீப் சனம்.

மாதாவுக்குத் திருநாள் அங்கி தைப்பது அன்னமேரி. தைத்து உபதேசியார் தங்கதுரையிடம் கொடுத்துவிடுவாள். சுரூபத்தை இறக்கி உடுத்தி மறுபடி மாடத்தில் ஏற்றுவது அவர் வேலை.

அன்னமேரிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருத்திக்கு ஒரு தடவை டேப் வைத்தால் போதும்; அதற்குப் பிறகு துணியை மட்டும் கொடுத்தனுப்பலாம். மனிதர் பெருப்பார்கள், இளைப்பார்கள் என்று இடுப்பிலும் கையிலும் தையலுக்குள் துணி விட்டு வைப்பாள். நீளத்தில் ஒரு நூல்கூட விடமாட்டாள். "சதை கூடும், கொறையும். எலும்பு என்ன ரப்பரா? கல்யாணத்தன்னிக்கு இருந்த உசரந்தான் கல்லறைக்குப் போற அன்னிக்கும்" என்பாள். கேட்கிறவர்களுக்கு அது டாக்டர்கள் சொல்வது போலவே இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

கொரோனா அடங்கிய வருடம் செபமாலையம்மாள் புது நைட்டியோடு மெஷினுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏடி மேரி, இது தரையைக் கூட்டுதுடி. நிமிக்கு வெளக்கமாறு மிச்சம்." நிமி செபமாலையம்மாளின் மருமகள்.

"துணி மட்டம்க்கா. நனைஞ்சா இழுபட்டு நீளும்."

"நனைக்கவே இல்லையேடி."

"இந்த ஊருப் பனி போதாதாக்கும்? கழட்டிக் குடுங்க."

கீழ் மடிப்பைப் பிரித்து, கொஞ்சம் ஏற்றித் தைத்துக் கொடுத்தாள். அடுத்த நைட்டியும் தரையைத் தொட்டது. அதற்கடுத்ததை அவளாகவே குறைத்து வெட்டினாள், கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அளவு தப்பிவிட்டது என்று நாத்தனார் வாயால் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. மேல்முதுகில் ஒரு வளைவு தெரிந்தது. அதையும் பார்த்தாள். "கூன் போடாதீக, நிமிந்து நில்லுங்கக்கா" என்று உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். செபமாலையம்மாள் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்த பிறகும் வளைவு அங்கேயே இருந்தது.

அந்த வருடத் திருநாளில் கை எட்டவில்லை. கிரீடத்துக்கு மேலே போக வேண்டிய மாலை மாதாவின் நெற்றியில் இடித்துத் திரும்பியது. செபமாலையம்மாள் மறுபடி தூக்கினாள். மறுபடி இடித்தது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கையில் மாலையோடு அவள் திரும்பிப் பார்த்த பார்வையை அன்னமேரியால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்:

"மாதா வளந்துட்டாக."

யாரோ சிரித்தார்கள். அன்னமேரிக்கு ரோசம் வந்துவிட்டது. "சிரிக்காதீக. அங்கி தைக்கிறவ எனக்குத் தெரியாதா? போன வருச அளவுக்கும் இந்த வருச அளவுக்கும் வித்தியாசம் இருக்கு."

பொய் அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. செபமாலையம்மாள் நுனிக்காலில் எம்பி மாலையை எப்படியோ மாட்டினாள். வளர்ந்த மாதாவுக்கு எம்பி மாலை போட்டவள் என்று கிழவிகள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாதா பூப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு விரல் வளர்ந்திருந்தாள்; போடிக்கு இறங்கும்போது ஒரு முழம். தேவாரத்தில் கோயில் கூரையைப் பிரித்தாகிவிட்டது என்றே பேச்சு. பங்குச்சாமி, "கல் வளராதும்மா" என்று பிரசங்கத்தில் மெதுவாகச் சொன்னார். சாமியார் சொல்வதை ஊர் என்றைக்குக் கேட்டது?

மறு வருடம் அங்கி தைக்கும்போது பெண்கள் மெஷினைச் சுற்றி நின்றார்கள். "எம்புட்டுக் கூடுதல், மேரியக்கா?" என்று கேட்டார்கள். கூடுதல் என்று சொன்னவள் அவள்தான். ஆகவே துணியைக் கூட்டி வெட்டினாள், விரித்தும் காட்டினாள். அவர்கள் போன பிறகு கூட்டியதை அப்படியே உள்பக்கம் மடித்து, வெளியே தெரியாமல் தைத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து தங்கதுரையிடம் கொடுத்தாள். அதே வாரம் செபமாலையம்மாளுக்கு ஒரு நைட்டியைக் குறைத்து வெட்டினாள். ஒரே கத்திரிக்கோல், ஒருத்தியைக் கூட்டியது, ஒருத்தியைக் குறைத்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாவது திருநாள், போன செப்டம்பரில். மல்லிகையும் மரிக்கொழுந்தும் கட்டிய மாலை ஈரத்தில் கனத்துக் கிடந்தது. செபமாலையம்மாள் நுனிக்காலில் நின்று, முதுகை எட்டுமட்டும் நீட்டித் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நின்ற அன்னமேரிக்கு ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ஏலத்தட்டையை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். மற்ற யாருக்கும் கேட்கவில்லை. செபமாலையம்மாள் மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லடி, புடிச்சுக்கிச்சு" என்றாள். எழுந்திருக்க முடியவில்லை.

சூசையப்பன் ஜீப்பில் மெத்தையை விரித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தது ஒரு இளவயதுப் பெண் டாக்டர், மலையாளத்து ஆள். தமிழ் நன்றாகப் பேசினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, அடுக்கி வைத்தது போல் தெரிந்த முதுகெலும்புக் கட்டைகளைக் காட்டினார்.

"ஒவ்வொரு கட்டையும் சதுரமா இருக்கணும். இது பாருங்க, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆயிருக்கு. இது இன்னைக்கு நசுங்கினது. மேலே இருக்கே இது ரெண்டும் பழசு. எப்பவோ நசுங்கியாச்சு."

"பழசா? கீழ விழவே இல்லையே எங்க அத்தை" என்றாள் நிமி.

"விழ வேண்டாம். எலும்பு கல்லு இல்லை, உயிருள்ளது. பழசை அரிச்சு எடுக்க ஒரு கூட்டம், புதுசைப் பூச ஒரு கூட்டம், எப்பவும் உள்ளே வேலை நடந்துட்டே இருக்கும். சின்ன வயசிலே பூசுறவங்க கை மேலே. மாதவிலக்கு நின்னப்புறம் அரிக்கிறவங்க கை மேலே. வெளியே பார்த்தா அதே எலும்புதான். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிறது ஓட்டை விழுந்து போயிருக்கும். சில பேருக்கு இருமினாலே நசுங்கும். வலியே தெரியாமலும் நசுங்கும்." டாக்டர் நிமியிடம் திரும்பினார். "இவங்க முன்னாடி இதைவிட உயரமா இருந்தாங்களா?"

நிமி யோசித்தாள். "நான் வந்து கொஞ்ச வருசந்தான் ஆகுது டாக்டர். அத்தை எப்பவும் உசரந்தான்."

"உயரம் குறையறதுதான் முதல் அடையாளம். யாராவது கவனிச்சிருந்தா மருந்தை அப்பவே தொடங்கியிருக்கலாம். வீட்டிலே யாருக்கும் தெரியலையா?"

அன்னமேரி கதவோரம் நின்றாள். மெஷினிலிருந்து எழுந்து கோயிலுக்கு ஓடி, கோயிலிலிருந்து ஜீப்பில் ஏறியதில் இஞ்சு டேப் கழுத்திலேயே கிடந்தது. அதைக் கழற்றிச் சுருட்டி, கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

வலிக்கு மருந்தும் முதுகுக்கு ஒரு பெல்ட்டும் கொடுத்து அனுப்பினார்கள். வலி தணிந்ததும் உட்கார வேண்டும், மெல்ல நடக்க வேண்டும், காலை வெயிலில் கை கால் படும்படி இருக்க வேண்டும். கேழ்வரகு, பால், முள்ளோடு சின்ன மீன் சாப்பிட வேண்டும். முக்கியமாக, வாரத்துக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கவே கூடாது. "படுத்தே கிடந்தா இருக்கிற எலும்பும் போயிரும்" என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "அடுத்து இடுப்பெலும்பு உடைஞ்சா எழுப்புறது கஷ்டம்."

செபமாலையம்மாள் படுத்தே கிடந்தாள். வலி தணிந்த பிறகும் கிடந்தாள். மாத்திரை அட்டை பிரிக்காமல் மாதா படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"மாதா வளந்ததை எனக்குக் குடுத்த பெருமைன்னு நெனச்சேன்டி" என்றாள் அன்னமேரியிடம். "எட்டாத எடத்துக்கு என்னைய எம்ப வச்சு, திமிரை ஒடிச்சுட்டாக. அவுக ஒடிச்சதை மாத்திரை போட்டு ஒட்டவா? அவுகளா மனசு எறங்கி எந்திரின்னு சொல்லட்டும்."

"அக்கா, டாக்டர்..."

"டாக்டருக்கு மாதா வளந்தது தெரியுமாடி? ஒனக்குத் தெரியும்."

அன்னமேரி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கை ஓடவில்லை. நேராகப் போன தையல் கோணிக்கொண்டு போயிற்று. துணியை மட்டும் கொடுத்தனுப்பினால் வாங்க மறுத்தாள். ஆள் வர வேண்டும். செருப்பைக் கழற்றிச் சுவரோடு சுவராக நிற்க வேண்டும். தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட வேண்டும். "என்ன மேரியக்கா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கீகளா?" என்று கேலி செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பழைய நைட்டியைக் கொண்டுவரச் சொல்லி, புது அளவோடு வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் இருந்தவர்களை ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லிச் சண்டை போட்டாள். ஒருத்தி, "நைட்டி தைக்கச் சொன்னா நாட்டு வைத்தியம் பாக்குறா" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஊரில் யார் குனிந்து நடந்தாலும் அன்னமேரி டேப்போடு பின்னாலேயே போனாள். இத்தனை பேரை அளந்தவள், அளக்க வேண்டிய ஒருத்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் டேப்பைத் தொடமாட்டாள்.

உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு இருந்த ஒரே பெருமையும் போய்விடும். ஊர் அன்னமேரியின் முகத்தில் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அக்கா எழுந்திருக்கப் போவதில்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினாள். ஒருநாள் காலையில் நிமி சொன்னாள்: "அத்தைக்கு இடுப்புக்குக் கீழ தோல் செவந்துருக்கு மேரியத்தை. புண்ணு வரப் போகுது." அன்னமேரி கஞ்சி காய்ச்சாமல் வீட்டுக்குத் திரும்பினாள். திருநாள் முடிந்து துவைக்க வந்திருந்த மாதாவின் அங்கி பெட்டியில் இருந்தது. அதையும் தையல் பிரிக்கும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அங்கியைச் செபமாலையம்மாளின் நெஞ்சின்மேல் விரித்து, கீழ் ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பி, தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். நூல் இழை இழையாக வந்தது. ஊருக்காகக் கூட்டி வெட்டி உள்ளே மடித்த பட்டுத் துணி கட்டிலிலிருந்து தொங்கி, தரையைத் தொட்டது. மடிப்புக்குள் இருந்த பகுதி வெளிச்சம் படாமல் புதுசாகவே இருந்தது.

செபமாலையம்மாள் அந்தத் துணியை விரலால் தடவினாள். புதுசையும் பழசையும் பிரிக்கும் கோட்டில் விரல் நின்றது.

"அப்ப அவுக வளரல."

"இல்லக்கா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"சொல்றப்பவே தெரியும்." அன்னமேரி ஊசியைக் கீழே வைத்தாள். "நீங்கதான் கொறஞ்சீக. ஒவ்வொரு நைட்டியா வெட்டிக் கொறச்சவ நான். டாக்டர் கேக்கயில வாய மூடிக்கிட்டு நின்னேன்."

செபமாலையம்மாள் நெஞ்சின்மேல் கிடந்த அங்கியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "அப்ப மாதாவுக்கு எம்மேல கோவம் இல்ல" என்றாள்.

"அவுக நின்ன எடத்துலதான் நிக்காக."

"மூணு திருநாளு என்னைய நுனிக்கால்ல நிக்க வச்சு வேடிக்கை பாத்திருக்க."

அன்னமேரி தலை குனிந்தாள்.

"குனியாத. கூன் விழுந்துரும். நிமிந்து உக்காருடி, என்னையச் சொன்னேல்ல." அதில் சிரிப்பு இல்லை. "நிமி, அந்த மாத்திரைய எடு. மேரிக்குக் கஞ்சி குடுக்காத. நான் இங்கன அரை மணி நேரம் உக்காரணும்ல, அம்புட்டு நேரமும் அவளும் எனக்கு எதுக்க உக்காரட்டும்."

பெல்ட்டைக் கட்டி, இரண்டு பேருமாக அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முகம் வலியில் கோணியது. மாத்திரையை விழுங்கி, ஒரு தம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்தாள். அன்னமேரி எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் அதற்கு முன் வந்ததில்லை.

அப்போதுதான் உபதேசியார் தங்கதுரை வந்தார். படுத்துக் கிடக்கிறவளுக்கு ஜெபம் சொல்ல வந்தவர், உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து, தரையில் தொங்கிய அங்கியையும் பார்த்து, வாசலோடு நின்றுவிட்டார்.

"வாங்க, உள்ள வாங்க" என்றாள் செபமாலையம்மாள். "எங்க வீட்டு டெய்லரு செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றாக, நீங்களும் கேளுங்க. ஏடி, எம்புட்டுக் கொறஞ்சிருக்கேன் நான்? இதையாவது பொய்யில்லாமச் சொல்லு."

அன்னமேரி கையை உயர்த்திக் காட்டினாள். "முன்னெல்லாம் ஒங்க கை மாதா கிரீடத்தைத் தாண்டிப் போவும். இந்த வருசம் நாடியத்தான் தொட்டுச்சு. ஒரு சாண் கொறஞ்சிருக்கீகக்கா. எங் கண்ணு முன்னாடியே ஒரு சாண் எலும்பு போயிருச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

தங்கதுரை ஜெபப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஒரு சாண் இருக்காதும்மா" என்றார்.

"ஏன்?"

"மாடத்துல சுரூபத்துக்கு அடியில கெடந்த மரப்பலகை ஈரத்துல உளுத்துப் போச்சு. கொரோனா முடிஞ்ச வருசம். எங்க வீட்டு அடுப்படி மேடைக்கு அறுத்த கிரானைட்டு மிச்சம் கெடந்துச்சு. ரெண்டு துண்டை ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, மாதாவ அதுல நிப்பாட்டுனேன், பழைய பலகையவிடக் கல்லு ஒசரம். அடுப்படிக் கல்லுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் ஊரே மாதா வளந்தாகன்னு சொல்றப்ப எங்கிட்டுப் போயி வாயத் தொறக்க?" அவர் இரண்டு பெண்களையும் பார்க்காமல், தரையில் கிடந்த பட்டைப் பார்த்துச் சொன்னார்: "அதனால ஒரு சாணுன்னு சொல்லாதீக. ரெண்டு விரக்கடை என்னோடது. அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க."